பிடித்த மட்டை உடைந்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள்!

பாட்மிண்டன் ஆடுகிறவர்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும் சங்கடம் இது. இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் வந்த பந்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். 'டக்' என்று ஓர் ஓசை. எடுத்துப் பார்த்தால் மட்டையின் தலைச்சட்டத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்! இரண்டு மூன்று ஆண்டுகள் கையோடு பழகிய மட்டை அது. வீட்டில் கெஞ்சிப் பணம் வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறீர்கள். அங்கே சுவர் நிறைய மட்டைகள். எதை வாங்குவது? பெரும்பாலும் நண்பன் சொன்னதை, அல்லது கையிலுள்ள பணத்துக்கு மிக விலை உயர்ந்ததை வாங்குகிறோம். இது சரியான முறை அல்ல என்பது என் கருத்து. வாங்க வேண்டிய மட்டை எது என்பதை, உடைந்த மட்டையே உங்களுக்குச் சொல்லும்.

அதை ஒட்டவைத்து ஆட முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். மட்டையில் பொதுவாக 22 நெடுக்கு இழைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் 24 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ இழுவிசையில் கட்டியிருந்தால், மொத்தம் 240 கிலோ! நூறு கிராம்கூட இல்லாத ஒரு மட்டையின் சட்டம் இவ்வளவையும் தாங்கி நிற்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அது முழு வளையமாக இருக்கும்வரைதான் இந்த வித்தை நடக்கும். விரிசல் விழுந்தால் அந்த இழுப்பே அதை நசுக்கிவிடும். ஆகவே விரிசலைக் கண்டவுடன் நரம்புகளை நடுவிலிருந்து வெட்டிவிடுங்கள். பழைய மரச்சட்டமும் இரும்புச் சட்டமும் வளைந்து எச்சரிக்கை தரும். கார்பன் இழைச் சட்டம் அப்படி எச்சரிக்காமல் முறிந்துவிடும். விரிசலின் மேல் புதிய இழை சுற்றிச் சரிசெய்து தருபவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சுற்று மட்டையின் தலையில் எடையைக் கூட்டுகிறது. தம்பி தங்கைகள் ஆடிப் பழக அது போதும், உங்களுக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம்? கைப்பிடியின் அடிநுனியைச் சுழற்சி அச்சாகக் கொள்வோம். அதிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 5 கிராம் எடையை வைக்கிறீர்கள். அதே 5 கிராமை 60 செ.மீ. தூரத்தில், அதாவது தலைப்பகுதியில் வைக்கிறீர்கள். நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? தூரம் 6 மடங்கு. எனவே தலையில் உள்ள எடை சுழற்சியை 36 மடங்கு அதிகமாக எதிர்க்கிறது. இதனால்தான் ஒரே எடையுள்ள இரு மட்டைகளில் ஒன்று கையில் பறக்கிறது, மற்றது இழுக்கிறது. தலைக்கனம் மனிதர்களுக்கு மட்டும் உரியதல்ல!

உங்களுக்குப் பிடித்த மட்டையின் 'பிடித்தம்' என்பதும் பெரும்பகுதி இதுதான். உங்கள் கை அந்த எடைக்கும் அந்தச் சமநிலைக்கும் பழகியிருக்கிறது. அதை அளந்துவிடலாம். பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துத் தராசில் மட்டையை நிறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு விரலின் மேல் குறுக்காக வைத்து அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டு, கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுவே ஈர்ப்பு மையம். அது 30 செ.மீ.க்கு அப்பால் போகப் போகத் தலை கனத்த மட்டை எனலாம்.

மூன்றாவது சோதனை இன்னும் சுவையானது. கைப்பிடியின் அடிநுனியில் மிகக் குட்டையான நூல் வளையம் கட்டி, மட்டையை ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். 20 அலைவுகளுக்கு 27, 28 வினாடி போல ஆகும். எடையும் ஈர்ப்பு மையமும் ஒன்றாயிருந்து, ஒரு மட்டை மட்டும் மெதுவாக ஆடினால், அதன் நிலைமத் திருப்புத்திறன் அதிகம் என்று பொருள். கடைக்காரர் இதற்கு இடம் தரமாட்டார்; நண்பர்களின் மட்டைகளை இரவல் வாங்கிச் செய்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடையில் தொங்கும் புது மட்டையில் பெரும்பாலும் நரம்பு இருக்காது. சுமார் 5 கிராம் எடையுள்ள நரம்பு தலையில் ஏறியதும் ஈர்ப்பு மையம் ஒரு செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே பழையதையும் நரம்பை நீக்கிவிட்டே அளக்க வேண்டும். பல நிறுவனங்கள் மட்டையின் எடையை '3யூ', '4யூ' என்று அச்சிடுகின்றன. 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84 கிராம். எண் கூடினால் எடை குறையும்!

அடுத்து, சாம்பியன்களின் பெயர் பொறித்த மட்டைகள். 2023 ஏப்ரலில் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் பந்தை அடித்து உலகச் சாதனை செய்தார். அந்த வேகம் அவர் தோளிலும் முன்கையிலும் இருந்து வந்தது. விறைப்பான தண்டுள்ள மட்டை அவ்வளவு வேகமாக வீசும் கைக்கே பயன்படும். தண்டு, வீச்சின் தொடக்கத்தில் பின்னால் வளைந்து, பந்தைத் தொடும் வேளையில் வில்போல நிமிர வேண்டும். மெதுவாக வீசும் கைக்கு விறைப்பான தண்டு வளைந்தே கொடுக்காது. அந்த வேலையையும் உங்கள் முழங்கை செய்ய நேரிடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து முழங்கை வலியை வாங்குவானேன்?

"மட்டையில் என்ன இருக்கிறது, ஆடுகிறவன் கையில்தான் எல்லாம்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. ஆறாம் வகுப்பில் வாங்கிய மட்டையோடு பத்தாம் வகுப்பு மாணவர் ஆடினால், கை வளர்ந்திருப்பதால் சற்றுக் கனமானது பொருந்தலாம். அப்போதும் பழைய மட்டையின் அளவுகளிலிருந்து ஒரு படி மாற்றுங்கள், ஒரேயடியாகத் தாவாதீர்கள். புது மட்டையின் தலை சற்றுக் கனமாகத் தோன்றினால், கைப்பிடியில் இன்னொரு கிரிப் சுற்றிப் பாருங்கள். ஈர்ப்பு மையம் கைப்பக்கம் இறங்கிவரும்.

மிச்சம் பிடித்த பணத்தை நல்ல நரம்புக்குச் செலவிடுங்கள். 'கட்டிங்' எத்தனை பவுண்டு என்று கடைக்காரர் கேட்பார். பள்ளி மாணவருக்கு 22 போதும். குறைந்த இழுவிசையில் நரம்பு அதிகம் உள்வாங்கி, பந்தை நன்றாகத் திருப்பித் தள்ளும். கட்டிய பின் நரம்பு, மட்டை சும்மா தொங்கினாலும்கூட, நாளுக்கு நாள் தளரும். உங்கள் பழைய மட்டையில் 24 என்று கட்டியிருந்தாலும், உடைந்த அன்று அதில் அவ்வளவு இருந்திருக்காது. முதல் நாள் ஆட்டத்தில் புது மட்டை கல் மாதிரி இருப்பதாகத் தோன்றினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் புது நரம்புதான். இரண்டு வாரம் ஆடிவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.