பரிசோதனைப் பதிவேடு எவருடைய சொத்து?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையை உறிஞ்சி வைத்திருக்கும் சுண்ணாம்புக் கற்பாறையும், அதனைப் பிளந்து எமது முன்னோர் தோண்டிய கிணறுகளுமே எமக்கு ஆறாகவும் ஏரியாகவும் இருந்து வருகின்றன. வெங்காயப் பாத்திக்கு இறைக்கும் நீரும், குழந்தைக்குப் பால்மாக் கரைக்கும் நீரும் ஒரே நிலத்தடி நீரே. அந்நீரைப் பரிசோதித்தவர் எவர்? எப்பொழுது பரிசோதித்தார்? கண்டது யாது? இவ்வினாக்களைக் கேட்கக் கிணற்றுக்குச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்கின்றது சட்டம். இல்லை என்று சொல்லாமற் சொல்லுகின்றன எமது உள்ளூராட்சிச் சபைகள் பலவும் சுகாதாரக் கந்தோர்கள் பலவும்.

சுன்னாகத்தை எவரேனும் மறந்திருத்தல் கூடுமோ? மின் நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்ததை முதலில் அறிந்தது ஆய்வுகூடமன்று. வாளியை மேலே இழுத்த பெண்ணின் மூக்கு. அதன் பின்னர் முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்தன; கூட்டங்கள் நடந்தன; உண்ணாவிரதங்களும் நடந்தன. எந்தக் கிணற்றில் எவ்வளவு என்ற கணக்கு மாத்திரம் கிணற்றுக்காரன் கையிலே ஒழுங்காக வந்து சேரவில்லை. ஈற்றில், அடிப்படை உரிமை வழக்கொன்று உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியமைக்காக மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது உண்மையே. ஆனால் மக்கள் மாசுபட்ட நீருடன் வாழ்ந்த ஆண்டுகளை எந்த நட்டஈடு திருப்பித் தரும்?

சுன்னாகத்து மக்கள் தெருவில் இறங்கிய காலத்திலே அவர்களிடம் இல்லாத ஓர் ஆயுதம் இன்று எம்மிடம் உண்டு. 2015 இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாக்கி, அடிப்படை உரிமைகளின் வரிசையிலே வைத்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையும் நகர சபையும் மாநகர சபையும் மாகாணத் திணைக்களமும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. இச்சட்டம் கொழும்பிலே பிறந்தது என்பதற்காக அதனைத் தீண்டாது விடுவோர் எம்மிடையே உளர். கொழும்பிலே பிறந்த சட்டங்களால் நாம் பட்ட துன்பங்களைப் பட்டியலிட இவ்விதழ் போதாது. அதற்காக எமக்குப் பயன்தரும் ஒன்றையும் பரணிலே போட்டுவிடுவது மதியீனமாகும்.

இனி, பதிவேடு கேட்டுச் செல்பவருக்குக் கந்தோர்களிலே கிடைக்கும் மறுமொழிகளைச் சற்றே கவனிப்போம்.

முதலாவது மறுமொழி ஒரு கேள்வி: “உமக்கு இது எதற்கு?” சட்டத்தின் 24 ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவர் காரணம் கூறவேண்டியதில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி உரைக்கின்றது. அவருடன் தொடர்பு கொள்வதற்கு வேண்டிய விபரங்களே போதும். எழுதத் தெரியாத கமக்காரன் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுதிக் கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. எம் மொழியிலே தரும்படி கேட்கவும் அதே பிரிவு இடமளிக்கின்றது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் தமிழிலே ஒரு கடிதம் பெறுவதற்காகக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்த மக்கள் நாம். இன்று தமிழ் உத்தியோகத்தரிடம் தமிழிலே கேட்டுத் தமிழிலேயே “இல்லை” என்ற பதிலைப் பெறுகின்றோம். மொழி கிடைத்துவிட்டது, விடைதான் கிடைக்கவில்லை.

அடுத்தது, “கடைக்காரரின் நற்பெயர் கெட்டுவிடும்” என்பது. சாப்பாட்டுக் கடைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்வையிட்டு ஏ, பி, சி, டி எனத் தரம் பிரிக்கின்றார். அந்தப் பரிசோதனைக்குச் சம்பளம் கொடுப்பது பொதுப் பணம். அதன் பெறுபேறு அக்கடையிலே உண்பவனுக்கு மறைக்கப்படுமாயின், எவருடைய நன்மைக்காக அது நடைபெறுகின்றது? துப்புரவான சமையலறை வைத்திருப்பவன் பதிவேட்டுக்கு அஞ்சுவதில்லை. அவனுக்கு அது இலவச விளம்பரம். நோயாளரின் மருத்துவப் பதிவுகளைச் சட்டம் பாதுகாப்பது நியாயமே. டெங்குக் காய்ச்சலில் விழுந்தவரின் பெயரை நாம் கேட்கவில்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை பேர், எந்தெந்தத் திகதிகளிலே புகை அடிக்கப்பட்டது என்றே கேட்கின்றோம். மறைக்கத்தக்க பகுதி இருந்தால் அதனை நீக்கி எஞ்சியதைக் கொடு என்கின்றது 6 ஆம் பிரிவு. பொதுநலன் மேலோங்குமிடத்து விதிவிலக்கும் நில்லாது என்கின்றது 5 ஆம் பிரிவு.

மூன்றாவது, பந்தாட்டம். “அது சுகாதார வைத்திய அதிகாரியின் கந்தோரில்” என்பார் சபைச் செயலாளர். “அனுமதிப்பத்திரம் சபையின் விடயம்” என்பார்கள் அங்கே. பிரதேச சபைப் பகுதிகளிலே பரிசோதகர்கள் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இருப்பதும், வியாபார அனுமதியும் சந்தையும் குப்பையும் சபையிடம் இருப்பதும் உண்மைதான். ஆயினும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் பொறுப்பென்றே கூறுகின்றது. இரு கந்தோர்களுக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் போடுவதே இப்பந்தாட்டத்துக்கு மாற்று.

இங்கே ஒரு கசப்பான உண்மையை எழுதாமல் விடமுடியாது. இச்சபைகளிலே வீற்றிருப்போர் எம்மவர்கள். 2023 மார்ச்சிலே சபைகளின் காலம் முடிந்த பின்னர், ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே அவை நடத்தப்பட்டன. அதனை ஜனநாயகப் படுகொலை என்று நாம் கண்டித்தோம். 2025 மே 6 ஆம் திகதி வாக்களித்து எம்மவர்களை அனுப்பினோம். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கேட்கும் ஓர் இனத்தின் சபை, தன் ஊர்க் கிணற்று நீரின் அறிக்கையைத் தன் ஊரவனுக்கே காட்ட மறுக்குமாயின், கொழும்பை நோக்கி எந்த முகத்துடன் விரலை நீட்டுவது? தலைவர் எக்கட்சியினராயினும் எமது கேள்வி ஒன்றே.

படித்தவர்கள் மீதும் எமக்குக் குறை உண்டு. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் எம்மைப் போன்ற சட்டத்தரணிகளும் திருமண வீட்டுப் பந்தலிலே நைத்திரேற்றைப் பற்றி நீண்ட விரிவுரை நிகழ்த்துவர். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதும், பசளையாலும் மலக்குழியாலும் குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் தம் வட்டாரத்துப் பெறுபேறுகளைக் கேட்டு ஒரு தாளிலே நான்கு வரி எழுதியவர் எத்தனை பேர்? கமக்காரன் கேட்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அதே கந்தோருக்கு வேறு அலுவலாகப் போக வேண்டியவன் அவன். படித்தவனுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

ஆகவே, ஒவ்வொரு சனசமூக நிலையமும் கமக்காரர் அமைப்பும் இம்மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் எனக் கோருகின்றோம். கடந்த மூன்று ஆண்டுகளின் நீர்ப் பரிசோதனைப் பெறுபேறுகள், உணவகத் தரப்படுத்தல், சந்தையினதும் இறைச்சிக் கடையினதும் பரிசோதனைக் குறிப்புகள் ஆகியவற்றைத் திகதியுடனும் இடத்துடனும் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டமைக்குச் சிட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம். பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானம் வரவேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, பதினான்கு நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் இரண்டு மாதங்களுள் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். தகவலை வேண்டுமென்றே தடுப்பவருக்கு ஐம்பதினாயிரம் ரூபா வரை தண்டமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு என்பதை, மிரட்டலாக அன்றி, நினைவூட்டலாகச் சொல்லி வையுங்கள். குடிநீரிலே மாசு என்ற ஐயம் இருப்பின், உயிர்ப் பாதுகாப்புக்கு இத்தகவல் அவசியம் என்பதையும் அதற்கான காரணத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அப்பொழுது சட்டம் கொடுக்கும் தவணை நாற்பத்தெட்டு மணித்தியாலம்.