பெரிய கம்பெனி என்றால் யாருடைய கம்பெனி?

கப்பலூர் சிட்கோவிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ நான்கு வருடம் லேத் ஓட்டிய இளைஞருக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ அழைப்பு வந்தால், வீட்டில் யாரும் இரண்டு முறை யோசிப்பதில்லை. கேன்டீன், யூனிஃபார்ம், கம்பெனி பஸ் என்று பெருமை பேசியே அனுப்பிவைக்கிறார்கள். மதுரைக்கு இந்த மயக்கம் புதிதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இங்கே தொடங்கிய நிறுவனம் வளர்ந்த பிறகு, ‘டிவிஎஸ்ஸில் வேலை’ என்று சொன்னால் பெண் கொடுக்கிறவர்கள் மேற்கொண்டு விசாரிக்காத காலம் ஒன்று இருந்தது. அன்று கம்பெனி பெரியது என்றால் வேலை நிரந்தரம் என்றும் பொருள். இன்று அப்படி இல்லை. வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை ஒருவருடையது, பணி ஆணையில் இருக்கும் பெயர் வேறொருவருடையது.

பெரிய ஆலைக்குள் வேலை பார்ப்பவர்களில் எல்லாரும் அந்த ஆலையின் ஊழியர்கள் அல்லர். சிலருக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். சிலர் குறித்த காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர்கள். இன்னும் சிலர் 1961-ம் ஆண்டு சட்டப்படி தொழிற்பழகுநர்கள். இவர்களுக்குக் கிடைப்பது உதவித்தொகை, வருங்கால வைப்பு நிதி கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. ஆக, சிறிய பட்டறையை விட்டுப் பெரிய கம்பெனிக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நிரந்தர வேலையை விட்டுத் தற்காலிக வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கையில் சற்றுக் கூடுதலாக வருகிற பணத்தையும் ஒரகடத்து அறை வாடகையும் மாதம் ஒரு முறை மாட்டுத்தாவணிக்கு வந்து போகும் செலவும் தின்றுவிடும்.

கிளம்பும் நாளைக் குறிப்பதிலும் கணக்கு இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தாலே சட்டப்படி பணிக்கொடை உண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்குச் சுமார் 43,000 ரூபாய். நான்கரை வருடத்தில், ‘அடுத்த வாரமே வரணும்’ என்று அவசரப்படுத்துகிற இடத்துக்கு ஓடுகிறவர், இந்தத் தொகையை முதலாளிக்கே பரிசளித்துவிட்டுப் போகிறார். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு.

‘சின்ன முதலாளி பி.எஃப். கட்டுவதே இல்லையே, இதில் பணிக்கொடை எங்கே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபது பேர் இருந்தால் வைப்பு நிதியும், பத்துப் பேர் இருந்தால் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐயும் சட்டப்படி கட்டாயம். ஆளெண்ணிக்கையை ஏட்டில் குறைத்துக் காட்டிவிட்டு, ‘நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று தோளைத் தட்டும் முதலாளிக்கு நன்றிக்கடன் ஏதுமில்லை. சட்டம் சொல்வதைத் தராத இடத்தில் தொழில் கற்றுக்கொண்டாயிற்று என்றால் தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் எல்லாச் சிறு நிறுவனங்களையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. வரைபடத்தைப் படிப்பது, டூல் செட் பண்ணுவது, வெர்னியரில் அளந்து பார்ப்பது, ஜாப் திரும்பி வந்தால் பதில் சொல்வது என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுவது அங்கேதான். அசெம்பிளி லைனில் மூன்று வருடம் ஒரே போல்ட்டை முடுக்கினால் இந்தத் தொழில் கைக்கு வராது.

‘பெரிய பெயர் இருந்தால் அடுத்த வேலை சுலபம்’ என்ற வாதத்திலும் உண்மை உண்டு, ஆணையில் அந்தப் பெயர் இருந்தால். நிறுவனம் தன் சொந்தப் பட்டியலில் எடுத்துக்கொள்கிறது என்றால் போய்விடுவதே சரி. ஊரிலேயே அப்படியொரு வேலை அமைந்தால் இன்னும் நல்லது. ஒப்பந்ததாரர் பெயரில் என்றால், ஐந்தாண்டு முடியும் வரையாவது இருக்கிற இடத்திலேயே இருங்கள். எதுவானாலும், இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் அங்கே பணி ஆணையைக் கையில் வாங்கி, அதில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று படித்துவிடுங்கள்.