தீப்பந்தம் கடைசியில்தான்

வீட்டில் இரண்டு வாரமாக ஒரே நெருப்பு மயம். பையன் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். 2005 முதல் 2008 வரை வந்த தொடர். கையை வீசினால் நெருப்பு பறக்கும். அந்த அசைவுகள் வடக்கு ஷாவோலின் குங்ஃபூவைப் பார்த்து வரைந்தவையாம். (2010-ல் இதைப் படமாக எடுத்துச் சொதப்பியவர் மாஹேயில் பிறந்த நம்ம நைட் ஷியாமளன்தான்!)

"நம்மகிட்ட இப்படி இருக்காப்பா?" என்றான். தீப்பந்தச் சிலம்பம் இருக்கே என்று வாய் வரை வந்தது. அப்படியே முழுங்கிவிட்டேன். காரணம், இங்கே எங்கள் ஊர் பொங்கல் விழாவுக்கு எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகள் கையில் தீப்பந்தக் கம்பைக் கொடுக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பு பிடித்து மூன்று மாசம்தான் ஆகிறது. நான் கூடாது என்கிறேன்.

நான் ராபர்ட்சன்பேட்டைக்காரன். கே.ஜி.எஃப் என்றால் இப்போது எல்லோருக்கும் யாஷ் படம்தான். எங்களுக்கு அது சயனைடு மண்மேடும் சுரங்கச் சங்கும். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தங்கம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் தெருவில் ஷிப்ட் முடிந்து வந்த வஸ்தாத் ஒருவர் சாயங்காலம் கம்பு சொல்லிக்கொடுப்பார். முதல் ஆறு மாசம் வெறும் காலடிதான். கம்பைத் தொடவே விடமாட்டார். அப்புறம் ஒற்றைக் கைச் சுற்று, இரட்டைக் கைச் சுற்று. தீ என்ற பேச்சே வருஷக்கணக்கில் கிடையாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. கம்பின் இரண்டு முனையிலும் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைக்கிறோம். சரியாகப் பிழியாவிட்டால் முதல் சுற்றிலேயே எரிகிற சொட்டு கூட்டத்தின் மேல் தெறிக்கும். முனை கனத்துவிடுவதால் பழகிய கையும் தடுமாறும். பயந்து வேகத்தைக் குறைத்தால் சுவாலை மேலே ஏறிக் கையைத் தேடும். அதனால் வஸ்தாத் பருத்தித் துணிதான் போடச் சொல்வார், பக்கத்தில் ஈரச் சாக்கோடு ஒருத்தர் நிற்பார். நம் விழா மேடையிலோ பிள்ளைகளுக்குப் பளபளக்கும் பாலியஸ்டர் பட்டு! அது எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வங்கிக்காரன் புத்தி, திருப்பிக் கட்டும் சக்தியைப் பார்க்காமல் கடன் கொடுக்க மனசு வராது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்ட்டூனே என் கட்சிதான். ஜியாங் ஜியாங் என்ற குரு, ஆங் என்ற சிறுவனை மூச்சுப் பயிற்சியில் உட்கார வைக்கிறார். அவனுக்குப் பொறுமை இல்லை. வித்தை காட்டப்போய்த் தோழி கடாராவின் கையைச் சுட்டுவிடுகிறான். அந்தப் பகுதியை மட்டும் பையனோடு இரண்டு தடவை பார்த்தேன்.

தீ இல்லாவிட்டால் கைதட்டு வராது என்கிறார் ஒரு நண்பர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இருந்தது. அங்கே தீயெல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பையன்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் ராத்திரி திரும்ப, சாயங்காலம் கம்பு சுற்ற ஆள் குறைந்தது. கைதட்டல் குறைந்தா அந்தக் கலை மெலிந்தது? பழக நேரம் இல்லாமல் போனது. இங்கே ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. காலடிக்கே அது சரியாக இருக்கும்.

தீப்பந்தம் வேண்டுமென்றால் நன்றாகப் பழகிய பெரியவர் ஒருவர், மண்டபத்துக்கு வெளியே, திறந்த வெளியில் சுற்றட்டும். ஈரச் சாக்கோடு நான் நிற்கிறேன். உங்கள் ஊர் விழாக்களில் எப்படிச் செய்கிறீர்கள், எழுதுங்கள்.