சார்த்தரை வாயிலில் நிறுத்துவதேன்?

தத்துவம் பயிலும் நம் பிள்ளைகளின் கையில் சார்த்தரின் நூலைக் கண்டதும் பெற்றோர் கலங்குகின்றனர். "ஈமானுக்குக் கேடு, மூடி வை" என்பதே பலர் தரும் மறுமொழி. இருத்தலியல் என்றால் மனம்போன போக்கில் வாழ்வது என மேடையில் முழங்குவோரும் உளர். அந்நூல்களில் ஒரு பக்கத்தையேனும் அவர்கள் புரட்டியிருப்பார்களா என்பது ஐயமே.

ழான் பால் சார்த்தர் இறைமறுப்பாளர், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர் போதித்தது களியாட்டம் அன்று. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. பிறப்பையோ சூழலையோ காட்டித் தப்ப இயலாது என்றார். அவ்வாறு தப்ப முயல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது என 1943இல் வெளியான தம் பெருநூலில் வாதிட்டார்.

இது நமக்குப் புதிதா? தம் இணைவைப்புக்கு இறைநாட்டத்தையே சாக்காகக் காட்டியோரைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது (6:148). கைக்கூலி வாங்கிவிட்டு, "பெரியவர்கள் முடிவு, நான் என்ன செய்வேன்?" என்று கைவிரிக்கும் மாப்பிள்ளையின் பொய்யும் அதுவேயன்றோ? அவருக்காக வலீமா விருந்தில் துஆச் செய்துவிட்டு, சார்த்தரைக் கண்டு அஞ்சுகிறோம்!

அவர் பிழைத்த இடம் வேறு. 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் தாள் வெட்டும் கத்தியை எடுத்துக்காட்டினார். பயனை முன்னரே எண்ணித்தான் கைவினைஞன் கத்தியைச் செய்கிறான். படைத்தவன் ஒருவன் உண்டென்றால் மனிதனும் அக்கத்தியைப் போல முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவனாவான். படைத்தவன் இல்லை, ஆகவே மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம்.

கத்தி வெட்ட மறுக்குமா? அதைச் செய்தவன் அதனிடம் கணக்குக் கேட்பானா? வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் ஏற்றான் என்கிறது இறைமறை (33:72). நோக்கத்துடன் படைக்கப்பட்டவன், அந்நோக்கத்தை மறுக்கவும் வல்லவனாகவே படைக்கப்பட்டான். இந்த வேறுபாட்டைச் சார்த்தர் கண்டுகொள்ளவில்லை. அல்லாமா இக்பால் கண்டார். 1915இலேயே பாரசீகத்தில் 'அஸ்ராரே குதீ' இயற்றி, மனிதனின் தன்மை இறைவன்முன் கரைந்தழிவதில்லை, உறுதியே பெறுகிறது என்று நிறுவினார்.

மனிதன் தன் செயல்களைத் தானே படைக்கிறான் என்ற முஃதஸிலாக்களின் கொள்கையை அரபிக் கல்லூரிகளில் 'ஷரஹுல் அகாயித்' பாடத்தில் இன்றும் ஓதி, வரிக்கு வரி மறுக்கின்றனர். அதனால் எந்த மாணவரின் ஈமானும் பறிபோகவில்லை. ஆயிரமாண்டுக்கு முந்திய அவர்களுக்கு வகுப்பறையில் இடம் உண்டு. சார்த்தருக்கு மட்டும் ஏன் இல்லை?