விசை யார் கையில்?

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்றதும் வெளிச்சத்துக்கு முன்னால் டீசல் இஞ்சினின் இரைச்சல்தான் நினைவுக்கு வரும். மாலையில் ஓட்டுவார்கள், இரவு ஒன்பது, பத்து மணிக்கு நிறுத்துவார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கைத் தேடும். நிறுத்தும் நேரத்தைத் தீர்மானித்தது நிர்வாகம்.

ஆகவே, "நெடுந்தூரக் கம்பிகள் எதற்கு? அந்தந்த ஊரிலேயே சிறு அளவில் மின்சாரம் எடுக்கலாமே" என்று இன்று அறிஞர்கள் கூறும்போது, பால்வெட்டுத் தொழிலாளி சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. உள்ளூர் மின்சாரத்தை முன்னமே அனுபவித்தவரல்லவா அவர்!

ஆயினும் கருத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. மலாயாவில் மின்சாரம் பிறந்ததே அப்படித்தான். 1894-ல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் சொந்தமாக மின்னாக்கி வைத்தார்கள். மத்திய மின்சார வாரியம் தோன்றியது 1949-ல்தான்.

ஆயர் ஈத்தாம் வாசகர்கள் தலை நிமிர்ந்து மலையைப் பார்த்தால் போதும். 1962-ல் கட்டி முடிந்த அணையின் நீர் தானாகவே கீழே இறங்கி வருகிறது. வினாடிக்கு 10 லிட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால், சேதாரம் போக ஏறத்தாழ 6 கிலோவாட் கிடைக்கும். ஒரு லயத்து விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் அது தாங்கும். (கணக்குக்குச் சொல்கிறோம், குடிநீர்க் குழாயில் யாரும் கைவைக்க வேண்டாம்!)

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்கள் இருந்தன. ஓடை தோட்டத்துக்குள்ளேயே ஓடியது; ஆலை இயந்திரம் சுழன்றது; கொழுந்து பறித்தவர்களின் லயமோ பெரும்பாலும் இருட்டில் கிடந்தது. நாட்டு மின்கம்பி வந்ததும் பல நிலையங்களைக் கைவிட்டார்கள். 1990-களில் அதே நாட்டில், கம்பி எட்டாத கிராமத்தார் தாங்களே சங்கம் அமைத்து, வாய்க்கால் வெட்டி, மாதப் பணம் கட்டி மின்சாரம் எடுத்தார்கள். வீட்டுக்குச் சில விளக்குகள், ஒரு தொலைக்காட்சி, அவ்வளவே. கோடையில் நீர் வற்றினால் அதுவும் குறையும். ஆனால் விசை அவர்கள் கையில் இருந்தது.

இப்போது கூரைக்குக் கூரை சூரியத் தகடு என்கிறார்கள். நம் கூரை யாருடையது? வேலை போனால் வீடும் போகிறதே! போதிய மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கம்பி எட்டும் தோட்டத்தில் தகட்டைக் காட்டி இணைப்பை மறுக்க நாம் இடந்தரக் கூடாது. எட்டாத உட்காட்டுத் தோட்டங்களில் தகடு வரட்டும். அதன் மீட்டர் கணக்கு மாதந்தோறும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும். கிராணிமார் அதைப் படித்துச் சொல்லட்டும்.