தெற்கே பார்த்த வகுப்பறை

லடாக்கில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் அல்ல, குளிர்காலத்தில். பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி என்று இறங்கும்போது சிமெண்ட் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து பேனா பிடிக்க முடியாது. சமவெளியில் போட்ட பிளானை மலைக்கு அனுப்பினால் இதுதான் கிடைக்கும்.

லே நகரிலிருந்து சற்றுத் தொலைவில், சிந்து நதிக்கரையில் பே கிராமத்தின் அருகே இருக்கும் வளாகம் வேறு ரகம். 1988ல் சோனம் வாங்சுக் என்ற இளம் எஞ்சினியரும் நண்பர்களும் தொடங்கிய செக்மோல் அமைப்பின் பள்ளி. இங்கே முதலிடம் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்களுக்கு. தொண்ணூறுகளின் நடுவில் லடாக்கில் அந்தப் பரீட்சை எழுதியவர்களில் 100க்கு 95 பேர் தோற்றார்கள் என்பது அமைப்பின் கணக்கு. மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளும் சேர்ந்துதான் மண் இடித்து, சுவர் எழுப்பி, தாங்கள் படிக்கும் இடத்தைக் கட்டினார்கள். (லே போராட்டத்தையொட்டி 2025 செப்டம்பரில் வாங்சுக் கைதானதும், செக்மோலின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானதும் தனி விவகாரம். சுவர் அதைவிடப் பழையது.)

டிசம்பர் நண்பகலில் லே வானில் சூரியன் சுமார் 32 டிகிரி உயரமே ஏறுகிறது. ஜூனில் 79 டிகிரி. இந்த வித்தியாசம் புரிந்த மாணவனுக்கு ஜன்னலை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கே பெரிய கண்ணாடிகள். தாழ்ந்து வரும் குளிர்கால வெயில் அறைக்குள் நீளமாக நுழைந்து தரையையும் மண் சுவரையும் சூடாக்கும். பகலில் வாங்கிய சூட்டைக் கனத்த சுவர் இரவில் மெல்லத் திருப்பித் தரும். குளிர் தொடங்கியதும் தெற்குச் சுவரை ஒட்டி பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம். அதற்குள் கீரைப் பாத்தி. தட்டுக்குக் கீரை, வகுப்புக்குச் சூடு. வசந்தத்தில் தாளைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வெளியே மைனஸ் 15 என்றால் உள்ளே 15 டிகிரி, விறகோ மண்ணெண்ணெயோ எரிக்காமல். 2016ல் மண் கட்டிடங்களுக்கான சர்வதேச டெர்ரா விருது இதற்குக் கிடைத்தது.

மண்ணுக்கு எதிரான வாதமும் லேயிலேயே உண்டு. அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆண்டுக்கு சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பார்த்த ஊரில், 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண் செங்கல் வீடுகள் கரைந்து போயின. அதன்பின் காங்கிரீட் மீது ஆசை வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்று பஸ் நிலையமும் தொலைபேசி நிலையமும்கூடத் தப்பவில்லை. ஓடைப் பாதையில் கட்டியதா, மேட்டில் கட்டியதா என்பதே முதல் கேள்வி. அஸ்திவாரம் கல்லா, கூரை சுவரைத் தாண்டி நீள்கிறதா என்பவை அடுத்தவை. பிளான் போடும் பிள்ளைகள் இவற்றையும் கேட்கப் பழகவேண்டும்.

நகரத்து விருந்தாளி தயங்கும் இடம் கழிப்பறை. லடாக்கின் பழைய பாணிதான்: தண்ணீர் கிடையாது, மேலே மண் தூவி மூட வேண்டும். மக்கிய எரு நிலத்துக்குப் போகிறது.