அறிவியல் துளி: குடையும் போர்வையும்

2022 மார்ச்சில் ஸ்பெயின், பிரான்ஸ், சுவிஸ் வானம் செம்மஞ்சளானது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். கார்களில் படிந்தது சகாராப் பாலைவனத் தூசி.

வானில் நிற்கும் தூசி பகலில் சூரிய ஒளியைச் சிதறடித்து நிலத்துக்குக் குடை பிடிக்கிறது. நிலமோ தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக வெளிவிடுகிறது. அவற்றில் 8 முதல் 12 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளங்கள், தெளிந்த வானில் பெரும்பாலும் விண்வெளிக்குத் தப்பிவிடும். தூசியிலுள்ள குவார்ட்ஸும் களிமண்ணும் நன்றாக உறிஞ்சுவது இவற்றைத்தான். உறிஞ்சிய சூட்டில் ஒரு பங்கு கீழே திரும்புகிறது. இந்தப் போர்வை இரவிலும் விலகாது.

குடையா, போர்வையா, எது வெல்லும்? பருமனான துணிக்கைகள் கூடினால் போர்வையின் கை ஓங்கும். 2022 இல் நாசா விண்வெளி நிலையத்தில் பொருத்திய 'எமிற்' கருவி பாலைவனக் கனிமங்களை ஆராய்வதும், தூசி உலகைச் சூடாக்குகிறதா குளிர்விக்கிறதா என்று அறியத்தான்.